குக்கி என்கிற துண்டு: பிரவுசர் நம்மை நினைவு வைத்திருக்கும் விதம்

திருகோணமலை டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு கொமியூனிகேசன் கடையில் கொஞ்சக் காலம் வேலை பார்த்தேன். போட்டோகொப்பி, லெமினேட்டிங், ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் நடக்கும் கடை. மூலையில் மூன்று கொம்பியூட்டர். ஒரு நாள் மூதூரிலிருந்து வந்த ஒரு தங்கச்சி வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பி, ஈமெயிலில் அனுப்பி, பிரின்ட் எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று விண்டோவை மூடிவிட்டு ஓடினார். அடுத்து அதே கதிரையில் உட்கார்ந்தவர் தன் ஈமெயிலைப் பார்க்கப் பக்கத்தைத் திறந்தால், அந்தத் தங்கச்சியின் இன்பொக்ஸ் அப்படியே விரிந்தது. நல்ல மனுசன். "தம்பி, இது வேற ஆருடையோ மெயில், வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டார். நான் போய் லொக் அவுட் அழுத்தினேன்.

அதே கிழமை ஒரு மாமி போனை நீட்டினார். "இதில குக்கீஸ் எண்டு என்னமோ கேக்குது. அமத்தினா காசு வெட்டுமோ?"

காசு வெட்டாது. ஆனால் இந்த இரண்டு பேரின் விசயமும் ஒன்றுதான். மாமி பயந்த இடத்தில் பெரிய ஆபத்து இல்லை. தங்கச்சி பயப்படாமல் எழும்பிப் போன இடத்தில் இருந்தது. குக்கியைப் பற்றிப் பேசும்போது நம் ஆட்கள் அநேகமாக இப்படித்தான் பயத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அதனால் முதலில் அது என்ன என்று பார்த்துவிட்டு, அப்புறம் கையால் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம்.

சைக்கிள் துண்டு

கோயில் திருவிழா என்றால் பக்கத்து வளவுகளில் சைக்கிள் விட இடம் போடுவார்கள். வளவுக்காரருக்கு உங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஒரு மட்டையில் ஒரே நம்பரை இரண்டு தடவை எழுதிக் கிழிப்பார். ஒரு பாதி ஹாண்டிலில் தொங்கும், மறு பாதி உங்கள் சட்டைப் பையில். சாமி கும்பிட்டுவிட்டு வந்து துண்டை நீட்டினால் சைக்கிள் கைக்கு வரும். துண்டைத் தொலைத்தவர் படும் பாடு தனிக்கதை.

குக்கி என்பது அந்தத் துண்டு. ஒரு இணையத்தளம் உங்கள் பிரவுசரிடம், அதாவது குரோம், ஃபயர்பொக்ஸ் மாதிரிப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளிடம், கொடுத்து வைக்கும் சின்ன எழுத்துத் துணுக்கு. அநேகமாக அதில் இருப்பது வெறும் நீளமான நம்பர். உங்கள் பெயர், வாங்கிய சாமான், மெயில் எல்லாம் அந்தத் தளத்தின் சர்வரில், அதாவது தளத்தை ஓட்டும் கொம்பியூட்டரில், இருக்கிற கணக்கில்தான் இருக்கும். நம்பரைப் பார்த்ததும் அது தன் கணக்கைப் புரட்டி, 'ஓ, இவரா' என்று கண்டுகொள்ளும்.

குக்கி வைரஸ் அல்ல. அது ஓடுகிற புரோகிராமும் அல்ல. உங்கள் படங்களைத் திறந்து பார்க்க அதனால் முடியாது. அளவும் சின்னது, ஒரு குக்கிக்கு 4096 பைட் என்பதுதான் பிரவுசர்கள் வழக்கமாக வைத்திருக்கும் எல்லை. ஒரு வட்ஸ்அப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தூசி.

இந்தத் துண்டு ஏன் தேவைப்பட்டது? இணையப் பக்கங்கள் வந்துபோகும் எச்.டி.டி.பி. என்கிற முறைக்கு நினைவே கிடையாது. நீங்கள் ஒரு பக்கம் கேட்பீர்கள், சர்வர் தரும், அத்தோடு உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கம் கேட்டால் நீங்கள் புது ஆள். கூடையில் சாமான் போட்டுவிட்டுக் காசு கட்டும் பக்கத்துக்குப் போனால் கூடை காலி. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுலி என்பவர் இந்தச் சிக்கலுக்குத்தான் வழி கண்டார். ஒரு ஒன்லைன் கடையின் கூடை விபரங்களை வாடிக்கையாளரின் கொம்பியூட்டரிலேயே வைக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்த யோசனை அது. யுனிக்ஸ் என்கிற இயங்குதளத்தில் வேலை செய்த ஆட்கள் மத்தியில் ஏற்கெனவே 'மெஜிக் குக்கி' என்ற சொல் புழங்கியது. ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அப்படியே திருப்பிக் கொடுக்கும் துணுக்குக்கு அந்தப் பெயர். பிஸ்கட்டுக்கும் இதற்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

அந்த ஆண்டு ஒக்டோபரில் வந்த நெட்ஸ்கேப் பிரவுசரிலேயே குக்கி இருந்தது. ஆனால் பொதுமக்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1996 பெப்ரவரியில் ஒரு லண்டன் பத்திரிகை எழுதிய பிறகுதான் ஆட்கள் திடுக்கிட்டார்கள். குக்கியின் பெயர் அன்று கெட்டது, இன்னும் முழுதாகத் தேறவில்லை.

ஒரு துண்டு போய் வரும் வழி

நீங்கள் ஒரு தளத்தை முதல் தடவை திறக்கிறீர்கள். பக்கத்தை அனுப்பும்போது சர்வர் அதனோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியையும் அனுப்புகிறது. 'செட்-குக்கி' என்று தொடங்கும் அந்த வரி சொல்வது இதுதான்: இந்தப் பெயரில் இந்த நம்பரை வைத்துக்கொள். பிரவுசர் அதை அந்தத் தளத்தின் பெயரில் எழுதி வைக்கிறது. அடுத்த தடவை அதே தளத்திடம் எதைக் கேட்டாலும், ஒரு சின்னப் படத்தைக் கேட்டாலும் கூட, பிரவுசர் நம்மைக் கேட்காமலே அந்தத் துண்டை நீட்டிவிடும்.

முக்கியமான விதி ஒன்று: துண்டைத் தந்த தளத்துக்கு மட்டும்தான் பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். கூகுள் தந்ததை ஃபேஸ்புக்குக்குக் காட்டாது. இந்த விதி இல்லாவிட்டால் இணையத்தில் வங்கிக் கணக்கு வைத்திருக்கவே முடியாது.

துண்டோடு சில நிபந்தனைகளும் வரும். எத்தனை நாள் செல்லும் என்று ஒரு காலம் போட்டிருக்கலாம். போடாவிட்டால் பிரவுசரை முழுதாக மூடும்போது போய்விட வேண்டும். ஆனால் பிரவுசரில் 'விட்ட இடத்திலிருந்து தொடங்கு' என்ற வசதியைப் போட்டிருந்தால் அதுவும் திரும்பி வந்துவிடும். நீண்டகாலத் துண்டுகளை குரோம் 2022 முதல் 400 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. 'செக்யூர்' என்று குறித்திருந்தால் பூட்டுப் போட்ட எச்.டி.டி.பி.எஸ். வழியில் மட்டும்தான் போகும். 'எச்.டி.டி.பி. ஒன்லி' என்றிருந்தால் பக்கத்தில் ஓடும் சின்னப் புரோகிராமான ஸ்கிரிப்ட்டால் அதைப் படிக்க முடியாது. இவற்றைப் போடுவது தளத்தை எழுதுகிறவரின் வேலை, நம் கையில் இல்லை.

முதல் படி: கண்ணால் பாருங்கள்

இதைச் செய்யாமல் மேலே போக வேண்டாம். குக்கியை ஒருமுறை கண்ணால் கண்டவருக்கு அப்புறம் வகுப்பே தேவையில்லை.

கொம்பியூட்டரில் குரோமைத் திறந்து, நீங்கள் லொகின் ஆகியிருக்கும் ஒரு தளத்துக்குப் போங்கள். கீபோர்ட்டில் எஃப் 12 அழுத்துங்கள். ஒரு பக்கமாக இன்னொரு பலகை திறக்கும். பயப்பட வேண்டாம், எதுவும் உடையாது. மேலே 'அப்ளிகேஷன்' என்பதைத் தெரிவு செய்து, இடப் பக்கத்தில் 'குக்கிஸ்' என்பதை விரித்து, தளத்தின் பெயரை அழுத்துங்கள். ஃபயர்பொக்ஸில் என்றால் 'அப்ளிகேஷன்' என்ற இடத்தில் 'ஸ்டோரேஜ்' என்றிருக்கும். ஒரு அட்டவணை வரும்: பெயர், மதிப்பு, எந்தத் தளம், எப்போது காலாவதி. மதிப்பு என்ற இடத்தில் இருக்கும் எழுத்துக் குவியல் உங்களுக்கு விளங்காது. விளங்கத் தேவையும் இல்லை, அது உங்களுக்கு எழுதியதல்ல.

இப்போது அந்தத் தளத்தின் குக்கிகளை எல்லாம் அழித்துவிட்டுப் பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணுங்கள். அநேகமான தளங்களில் நீங்கள் வெளியே நிற்பீர்கள். பாஸ்வேர்டைத் திரும்பக் கேட்கும். உங்கள் கணக்கில் ஒன்றும் அழியவில்லை. துண்டு இல்லாததால் உங்களை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை: இன்கொக்னிட்டோ விண்டோவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். உங்களைத் தெரியாத மாதிரி நடக்கும். இன்கொக்னிட்டோ என்பது வெறும் சட்டைப் பையோடு போவது. அந்த விண்டோக்கள் எல்லாவற்றையும் மூடும்போது உள்ளே சேர்ந்த துண்டுகளும் போகும். ஆனால் இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து அது உங்களை மறைக்காது. அதை நம்பி வீரம் காட்ட வேண்டாம்.

போனில் எஃப் 12 கிடையாது. அன்ட்ரொயிட் போனின் குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், ஓல் சைட்ஸ் என்று போனால் எந்தெந்தத் தளம் உங்கள் போனில் எதையாவது எழுதி வைத்திருக்கிறது என்ற பட்டியல் வரும். முதல் தடவை பார்ப்பவர்கள் பட்டியலின் நீளத்தைக் கண்டு வாயைப் பிளப்பார்கள். வேண்டாததைத் தொட்டு அதை மட்டும் அழிக்கலாம். இந்த மெனுப் பெயர்கள் வர்ஷனுக்கு வர்ஷன் கொஞ்சம் மாறும். அதே பெயர் இல்லாவிட்டால் பக்கத்தில் தேடுங்கள்.

ஒரு இடைக்குறிப்பு. ஃபேஸ்புக்கில் வந்த லிங்கைத் தொட்டால் அது ஃபேஸ்புக்குக்குள்ளேயே திறக்கிறதல்லவா? அது உங்கள் குரோம் அல்ல, வேறு பை. குரோமில் லொகின் ஆகியிருந்த தளம் அங்கே திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்பது அதனால்தான். 'போன் பழுதோ' என்று கேட்டுக் கடைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: மூன்றாம் ஆளின் துண்டை நிறுத்துங்கள்

தந்தவருக்கு மட்டும்தான் காட்டும் என்றால், நிலாவெளியில் ரூம் விலை பார்த்த அடுத்த நாள் சமையல் குறிப்புப் பக்கத்திலும் நிலாவெளி ரூம் விளம்பரம் ஏன் வருகிறது?

ஒரு பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஹொட்டேல் தளத்தின் பக்கத்துக்குள் ஒரு விளம்பர நிறுவனத்தின் சின்னப் படமோ ஸ்கிரிப்ட்டோ ஒட்டியிருக்கும். பிரவுசர் அதை அந்த விளம்பர நிறுவனத்திடம் நேரே போய்க் கேட்கும். அப்போது அந்த நிறுவனமும் ஒரு துண்டு தரும். சமையல் பக்கத்திலும் அதே நிறுவனத்தின் ஒட்டு இருந்தால், பிரவுசர் விதியை மீறாமலே அந்தத் துண்டை அதே நிறுவனத்துக்குக் காட்டுகிறது. நேற்று ஹொட்டேல் பக்கத்தில் கண்ட நம்பர் இன்று சமையல் பக்கத்தில். ஒரே ஆள் பத்து வளவிலும் துண்டு கொடுக்க நின்றால் நீங்கள் எந்தக் கோயிலுக்கு எப்போது போனீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? பெயர் தெரியாவிட்டாலும் போக்குவரத்துத் தெரியும். இதற்குத்தான் 'தேர்ட்-பார்ட்டி குக்கி' என்று பெயர்.

சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து இவற்றை முழுதாகத் தடுக்கிறது. ஃபயர்பொக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பை வைக்கும் முறையைப் பொதுவாக்கியது. விளம்பர நிறுவனம் ஹொட்டேல் பக்கத்தில் தந்த துண்டு அந்தப் பையோடு நின்றுவிடும், சமையல் பக்கத்துக்கு வராது. குரோமின் கதை வேறு. இரண்டு ஆண்டுக்குள் நிறுத்துகிறோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டது. கூகுளின் பெரும்பகுதி வருமானம் விளம்பரத்தில் வருகிறது என்பதை நினைவில் வைத்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் தாங்களே செய்ய வேண்டும். கொம்பியூட்டரில் செட்டிங்ஸ், பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, தேர்ட்-பார்ட்டி குக்கிஸ், அங்கே 'பிளொக்'. அன்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், தேர்ட்-பார்ட்டி குக்கிஸ், 'பிளொக்'. ஐஃபோன் சஃபாரியில் 'பிரிவென்ட் க்ரொஸ்-சைட் ட்ரக்கிங்' ஒன் ஆக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இதன் பிறகு எங்காவது ஒரு தளம், குறிப்பாக வேறு தளத்தின் லொகினை உள்ளே பதித்து வைத்திருக்கும் தளம், இடக்குப் பண்ணினால் அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

'எல்லாக் குக்கியையும் தடு' என்ற இன்னொரு தெரிவும் சில இடங்களில் கண்ணில் படும். அதைத் தொட வேண்டாம். எந்தத் தளத்திலும் லொகின் நிற்காது. வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குக்கியையும் அழி என்று சொல்பவர்களையும் நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டிவந்தால் ஆட்கள் சுருக்கமான பாஸ்வேர்டுக்குப் போய்விடுவார்கள். அது குக்கியை விடப் பெரிய ஓட்டை.

இவ்வளவு செய்தும் விளம்பரம் துரத்தினால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். போனில் ஓடும் செயலிகள் குக்கியை நம்பியில்லை. போனுக்கே ஒரு விளம்பர அடையாள எண் இருக்கிறது, நீங்கள் லொகின் ஆகியிருக்கும் கணக்கும் இருக்கிறது. அது வேறு வாசல்.

மூன்றாம் படி: கேட்கும் பெட்டிக்குப் பதில்

மாமியின் கேள்விக்கு வருவோம். குக்கிக்குச் சம்மதமா என்று கேட்கும் அந்தப் பெட்டி ஐரோப்பாவில் பிறந்தது. 2002இல் வந்து 2009இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரையும், 2018 மே மாதம் அமலுக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவைக்கு மேற்பட்ட குக்கி வைக்கும் முன் ஆளிடம் கேள் என்கின்றன. முன்கூட்டியே சரி அடையாளம் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்த்தும் விட்டது. ஆளுக்கு ஆள் பிரித்துக் காட்டுவதை விட எல்லோருக்கும் காட்டுவது சுலபம் என்பதால் பல தளங்கள் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறவரிடமும் கேட்கின்றன. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் நீங்கள் காணும் பெட்டிகளுக்குக் காரணம் பெரும்பாலும் ஐரோப்பாதான்.

'ரிஜெக்ட் ஓல்' என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்துங்கள். தளம் ஓடுவதற்கு அவசியமான குக்கிக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை, அது எப்படியும் வரும். லொகினும் கூடையும் வேலை செய்யும். மறுக்கும் பட்டன் கண்ணில் படாவிட்டால் 'மனேஜ்' என்பதற்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். ஏற்கும் பட்டன் பெரிதாகப் பச்சையில், மறுக்கும் எழுத்துச் சின்னதாகச் சாம்பலில். இதை நான் தந்திரம் என்றுதான் சொல்வேன். தவறி ஏற்றுவிட்டாலும் உலகம் முடிந்துவிடாது, இரண்டாம் படியைச் செய்திருந்தால் பெரிய நட்டமில்லை.

நீங்கள் மறுத்ததை அந்தத் தளம் எங்கே எழுதி வைக்கிறது தெரியுமா? ஒரு குக்கியில். அதனால்தான் இன்கொக்னிட்டோவில் போனால் ஒவ்வொரு நாளும் திரும்பக் கேட்கிறது.

நான்காம் படி: உங்கள் துண்டு வேறு யார் கையில்?

இனித்தான் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

வளவுக்காரருக்கு முகம் தெரியாது என்றேன். உங்கள் துண்டைக் கண்டெடுத்தவர் நீட்டினாலும் சைக்கிள் போகும். லொகின் குக்கியும் அப்படித்தான். பாஸ்வேர்ட் சரி, போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணும் சரி என்று பார்த்த பிறகுதான் தளம் அந்தத் துண்டைத் தருகிறது. துண்டை யாராவது நகல் எடுத்துவிட்டால் அவருக்குப் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஆறு இலக்கமும் தேவையில்லை. வாசலைக் கடந்த பிறகு கிடைத்த துண்டு அது.

முன்பு இதைக் காற்றிலேயே பிடிக்க முடிந்தது. 2010இல் ஃபயர்ஷீப் என்ற ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்னத் துணைப் புரோகிராம், வெளிவந்தது. பூட்டில்லாத வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் குக்கியைப் பிடித்து, அவர் கணக்குக்குள் நுழைய எவராலும் முடியும் என்று அது காட்டியது. பெரிய தளங்கள் முழுதாக எச்.டி.டி.பி.எஸ்.க்கு மாற அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம். இன்று உப்புவெளி கெஸ்ட்ஹவுஸ் வைஃபையில் இருந்து பெரிய தளங்களுக்குள் போக அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் எச்சரித்தால் மட்டும் அதை மீறிப் போகாதீர்கள்.

இப்போது திருட்டு நடப்பது வேறு விதமாக. காசு கட்டாமல் ஓட வைக்கும் திருட்டு மென்பொருள், யாரோ அனுப்பிய 'விண்ணப்பப் படிவம்' என்ற ஃபைல், பிரவுசரில் தேவையில்லாமல் போட்ட எக்ஸ்டென்ஷன். இவை உள்ளே வந்து பிரவுசரின் குக்கிகளை அள்ளி அனுப்பிவிடும். எனவே எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, ஏன் போட்டோம் என்று நினைவில்லாததை எல்லாம் இன்றே கழற்றுங்கள்.

திருட்டுப் போனதாகச் சந்தேகம் வந்தால் உங்கள் பிரவுசரில் குக்கியை அழிப்பதால் பயனில்லை. அழிவது உங்கள் பாதி, நகல் அவரிடம் இருக்கும். நம்பரைச் செல்லாததாக்க வேண்டியது சர்வரின் கணக்கில். நம்பிக்கையான வேறொரு போனிலிருந்து கணக்கின் செட்டிங்ஸுக்குப் போய், எந்தெந்தக் கருவியில் லொகின் இருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். கூகுள், ஃபேஸ்புக் இரண்டிலும் அது உண்டு. தெரியாததை வெளியேற்றுங்கள், சந்தேகம் என்றால் எல்லாவற்றையும். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். லொக் அவுட் பட்டனுக்கும் விண்டோவை மூடுவதற்கும் உள்ள வித்தியாசமும் இதேதான். லொக் அவுட் அழுத்தினால் நம்பரைக் கணக்கிலிருந்து வெட்டும்படி தளத்துக்குச் சொல்கிறீர்கள். விண்டோவை மூடினால் துண்டை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போகிறீர்கள்.

ஐந்தாம் படி: பலர் பாவிக்கும் கொம்பியூட்டர்

கடையிலோ நூலகத்திலோ வேறொருவர் வீட்டிலோ உட்கார்ந்தால் முதலில் இன்கொக்னிட்டோ விண்டோ திறந்து அதில் வேலை செய்யுங்கள். 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா' என்றால் வேண்டாம். எழும்ப முதல் லொக் அவுட், பிறகு எல்லா விண்டோவையும் மூடுங்கள். மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் நான்காம் படியில் சொன்ன கருவிப் பட்டியல் கைகொடுக்கும். மூதூர் போய்ச் சேரும் முன்பே, பஸ்ஸுக்குள் இருந்தே வெட்டலாம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. குரோமில் சைட் செட்டிங்ஸுக்குள் கீழே 'அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்', அதில் 'ஒன்-டிவைஸ் சைட் டேட்டா' என்று போனால், எல்லா விண்டோவும் மூடப்படும்போது தளங்கள் எழுதி வைத்ததை அழி என்ற தெரிவு இருக்கிறது. ஃபயர்பொக்ஸிலும் பிரைவசிப் பகுதியில் இதே வசதி உண்டு. அந்தத் தங்கச்சியின் மெயில் விசயத்துக்குப் பிறகு எங்கள் கடையின் மூன்று கொம்பியூட்டரிலும் நான் இதைத்தான் போட்டு வைத்தேன். கவுன்டரில் இருந்த முதலாளியின் கொம்பியூட்டருக்கும் சேர்த்து.

மூன்று நாள் கழித்து அவர் சத்தம் போட்டார், காலையில் வந்தால் கடை ஈமெயில் ஒவ்வொரு நாளும் பாஸ்வேர்ட் கேட்குதாம். நான் காரணத்தை விளக்கினேன். சரி சரி என்று தலையாட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால், மொனிட்டரின் ஓரத்தில் பாஸ்வேர்ட் எழுதிய ஒரு துண்டு ஒட்டியிருந்தது.